அசெம்பிள் கம்ப்யூட்டருக்கு எந்த லைசென்ஸ்?

சென்னை ரிச்சி தெருவில் ப்ராசசர், ரேம், கேபினெட் என்று பேரம் பேசி வாங்கி முடித்த பிறகுதான், "விண்டோஸ் போட்டுத் தரட்டுமா?" என்ற கேள்வி வரும். அதற்குள் கையிலிருந்த பணம் கரைந்திருக்கும். கிடைத்ததைப் போட்டுக்கொண்டு வருவோம். கடைக்குப் போகும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள்.

1. பாகங்களின் பட்டியலிலேயே ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். எம்.எஸ். ஆபீஸ் இதில் சேராது, அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். லிப்ரே ஆபீஸ் இலவசம்.

2. விண்டோஸில் ரீடெய்ல், ஓ.இ.எம். என இரண்டு வகை லைசென்ஸ் கடைகளில் கிடைக்கும். ஓ.இ.எம். விலை குறைவு, ஆனால் முதலில் போட்ட மதர்போர்டோடு ஒட்டிக்கொண்டுவிடும். மதர்போர்டை மாற்றி மேம்படுத்தினால் புது லைசென்ஸ் வாங்க வேண்டியிருக்கும். ரீடெய்லைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் போடலாம். பாகங்களை அவ்வப்போது மாற்றுவதற்காகத்தானே நாமே அசெம்பிள் செய்கிறோம்? அப்படிப்பட்டவர்களுக்கு ரீடெய்ல்தான் சரி. பல வருடங்களுக்குக் கைவைக்கப் போவதில்லை என்றால் ஓ.இ.எம். போதும்.

3. பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுக் கணக்குக்கும் ஹோம் பதிப்பே தாராளம். வெளியூரிலிருந்து இந்தக் கம்ப்யூட்டரை விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் மூலம் இயக்க வேண்டும் என்பவர்கள் மட்டும் ப்ரோ வாங்கட்டும்.

4. சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் 25 எழுத்துக் 'கீ'யை வாங்காதீர்கள். அவற்றில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கப்பட்டவை. இன்று வேலை செய்யும், ஒருநாள் முடக்கப்படும். விற்றவரைத் தேடிப் பிடிக்க முடியாது. கடையில் போட்டுத் தந்த விண்டோஸ் எப்படிப்பட்டது என்று அறிய, செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் பகுதியைத் திறந்து பாருங்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் சேவை வழியாக ஆக்டிவேட் ஆனதாகக் காட்டினால் அது உங்கள் லைசென்ஸ் அல்ல. 'கிராக்' இன்னும் மோசம். ஆன்ட்டிவைரஸை நிறுத்திவிட்டுப் போடச் சொல்வார்கள். நெட் பேங்கிங் பாஸ்வேர்டு தட்டும் கம்ப்யூட்டரில் இதற்கு இடமே கொடுக்கக் கூடாது.

5. விண்டோஸ் 7, 8 பழைய கீ இருக்கிறதே என்று நம்பியிருக்க வேண்டாம். புதிய விண்டோஸை அவற்றால் ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023-இல் அடைத்துவிட்டது. விண்டோஸ் 10 ரீடெய்ல் கீ இருந்தால் விண்டோஸ் 11-க்கு அதுவே செல்லும்.

6. பழைய மதர்போர்டு வாங்குபவர்கள் கவனிக்க: விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 தேவை. பயாஸில் இது இன்டெல் போர்டுகளில் பி.டி.டி. என்றும் ஏ.எம்.டி. போர்டுகளில் எஃப்.டி.பி.எம். என்றும் இருக்கும். அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

7. பணம் இடிக்கிறதா? திருட்டு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போடுங்கள். காசு கிடையாது, எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போடலாம், தமிழிலும் தட்டச்சு செய்யலாம். தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் படித்த பிள்ளைகள் விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் பார்த்திருப்பார்கள். அதை உருவாக்கியது சென்னை சி-டாக். முதலில் பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டு வைஃபை, பிரிண்டர் வேலை செய்கிறதா பாருங்கள். டேலி போடுகிறவர்களும், சில ஆன்லைன் விளையாட்டுகள் வேண்டும் என்பவர்களும் மட்டும் விண்டோஸிலேயே இருப்பது நல்லது.

8. மேக் ஓ.எஸ். வேண்டாம். ஆப்பிள் தயாரித்த கம்ப்யூட்டரில் மட்டுமே போட அதன் லைசென்ஸ் அனுமதிக்கிறது.

9. ஜி.எஸ்.டி. பில்லில் விண்டோஸின் பெயரும் வகையும் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பில்லையும் கீ அட்டையையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டை மாற்றும் முன், லைசென்ஸை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். ரீடெய்லாக இருந்தால், மாற்றிய பிறகு அதே ஆக்டிவேஷன் பகுதியில் 'ட்ரபிள்ஷூட்' அழுத்தி, வன்பொருள் மாறியதாகத் தெரிவித்து மீண்டும் ஆக்டிவேட் செய்துகொள்ளலாம்.