யாருப்பா நீ? எங்கிருந்து வர்றே?



ஒரு மேஜை, நாலைந்து பேர், பென்சில், காகிதம், பகடை. நான் சொல்லப்போகும் விளையாட்டுக்கு இவ்வளவு போதும். ஆளுக்கு ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாத்திரமாகவே பேசி ஒரு மாயாஜாலக் கதையை நகர்த்த வேண்டும். ஒருவர் மட்டும் பாத்திரம் எடுக்காமல் ஊர், எதிரி, மழை, வெயில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். ‘டன்ஜன் மாஸ்டர்’ என்று அவருக்குப் பெயர். நடத்துனர் என்று எழுதினால் பஸ் விசில்தான் ஞாபகம் வருகிறது. ஆகவே ‘கதை நடத்துபவர்’ என்றே எழுதுகிறேன். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974-ல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இந்த வகைக்கு முதல் புத்தகம்.

நாங்கள் சனிக்கிழமை மதியம் டிராயிங் ஹாலில் ஆடுகிறோம். இருபது முகப் பகடை இல்லாததால் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்குகிறோம். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் கணக்கு கெட்டுவிடும்.

கதை நடத்துபவருக்கு முதல் தலைவலி முதல் நாளே வரும். நாலு பேர் வில்லாளி, வாள்வீரன், மந்திரவாதி என்று ஒழுங்காக எடுப்பார்கள். ஐந்தாவது ஆள், “நான் பேய்டா மச்சான்” என்பான். இப்போது என்ன செய்வது? “அதெல்லாம் செல்லாது” என்று அடித்துவிடுவது சுலபம். “சரி, இருந்துட்டுப் போ” என்பதும் சுலபம். இரண்டுமே ஆட்டத்தைக் கெடுக்கும்.

இந்தச் சிக்கல் விளையாட்டு பிறந்தபோதே பிறந்தது. ஆர்னசன் நடத்திய ‘பிளாக்மூர்’ ஆட்டத்தில் ஒருவருடைய பாத்திரம் ரத்தக் காட்டேரியாகிவிட்டது. பெயர் சர் ஃபாங். யாராலும் அடக்க முடியவில்லை. ஆர்னசன் அவரைத் துரத்தவில்லை. காட்டேரியை விரட்டும் சக்தியுள்ள ஒரு பூசாரிப் பாத்திரத்தை எதிரே நிறுத்தினார். ‘கிளெரிக்’ என்ற அந்தப் பாத்திரம் இன்றைக்கும் புத்தகத்தில் இருக்கிறது. 1974 புத்தகமும் தாராளமாகத்தான் இருந்தது. எந்தப் பாத்திரம் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் பலவீனமாக ஆரம்பித்துப் படிப்படியாக வளர வேண்டும், டிராகன் வேண்டுமா, குட்டி டிராகனாக வா என்கிற மாதிரி. 1979-ல் வந்த கையேட்டில் கைகாக்ஸின் குரல் மாறிவிட்டது. அரக்கன் வேஷம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பலத்துக்காகவே கேட்கிறார்கள் என்று தடுக்கப் பார்த்தார். பாதி உண்மை. ஆனால் அன்று எதிரியாக மட்டுமே வந்த ‘ஆர்க்’ 2024-ம் ஆண்டுப் புத்தகத்தில் மனிதனோடு சேர்த்து யாரும் எடுக்கக்கூடிய இனமாகிவிட்டது.

நம் பக்கம் இதற்கு இன்னும் பழைய வழி ஒன்று இருக்கிறது. காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் கட்டைக்கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வேஷக்காரர் நேராக மேடையில் குதிப்பதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னாலிருந்து பாடுவார். கட்டியக்காரன் விடமாட்டான். நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று குடைவான். துரியோதனனே ஆனாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கதை நடத்துபவர் செய்ய வேண்டியதும் இதுதான் என்பது என் கருத்து. பேய் கேட்டவனிடம் இதே மூன்று கேள்வியைக் கேட்டேன். “யாரும் என்னை அடிக்க முடியாது, அதான்” என்றான். அப்படியென்றால் அவனுக்கு வேண்டியது பேய் இல்லை, தோற்காமல் இருப்பது. அதற்குத் தனி மருந்து.

அந்த மருந்து மகாபாரதத்தில் இருக்கிறது. பாண்டவர் பக்கம் கடோற்கசன் என்றொரு அரக்கன். இரவில் பலம் கூடும். பதினாலாம் நாள் யுத்தம் இரவிலும் தொடர்ந்தபோது கௌரவ சேனை தாங்கவில்லை. அவனைக் கதையிலிருந்து நீக்காமலே கதை சரிசெய்துகொள்கிறது. அர்ஜுனனுக்காகக் கர்ணன் பத்திரமாக வைத்திருந்த, ஒரே ஒருமுறை மட்டும் பயன்படும் இந்திரனின் சக்தி ஆயுதம் அவன்மேல் செலவாகிறது. அவன் விழுகிறான், அர்ஜுனன் தப்பிக்கிறான். பலத்துக்கு ஒரு நேரம், ஒரு விலை! மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொல்வதென்றால் இது ஹோல் பேசிஸ். துளையின் அளவை மாற்றாமல் ஷாஃப்டைக் கடைந்து பொருத்துகிறோம். நம் பேய்க்கும் கடைசல் போட்டோம். வெயில் இருக்கும்வரை வெளியே வராது, கதவைத் திறக்க முடியாது, வேப்பிலை கட்டிய வாசலைத் தாண்டாது. முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டான்.

பலம் கேட்கிறவனைச் சமாளிப்பது சுலபம். பலமே வேண்டாம் என்கிறவன் வந்தால்தான் கஷ்டம். எங்களில் ஒருவன் நீர்க்கட்டி வேஷம் கேட்டான். ஏரி மதகைத் திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பங்கிட்டு விடுகிறவர்தான் நீர்க்கட்டி. கூலி நெல்லாக வரும். “போர்க் கதையில கூலிக்காரனா?” என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அதே மூன்று கேள்வியை அவனிடமும் கேட்டேன். ஒரகடம் பக்கம் அவன் தாத்தா அந்த வேலைதான் செய்தாராம். இப்போது அந்த வயல்களில் பாதி பிளாட்டாகிவிட்டது. எங்கள் கதையும் ஏரி நாட்டில்தான் நடக்கிறது, வேறென்ன வேண்டும்? எல்லா மதகும் அவனுக்குத் தெரியும், இருட்டில் கரைமேல் தடுக்காமல் நடப்பான், கரை எங்கே பலவீனம் என்று சொல்வான். விலை, மழை பிடித்தால் எந்தச் சண்டையையும் விட்டுவிட்டுக் கரைக்குப் போய்விட வேண்டும்.

மூன்றாவது வாரம் ராஜா வேஷம் எடுத்தவன், “நீர்க்கட்டி, தள்ளி நில்லு” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், இவன் சிரிக்கவில்லை. டிபன் டப்பாவை மூடிவிட்டேன். பாத்திரம் பாத்திரத்தைத் திட்டலாம், தப்பில்லை. ஆனால் ஆட்டத்துக்கு வெளியிலும் ஒருவன்மேல் விழுகிற சொல்லாக இருந்தால் நிறுத்த வேண்டியது கதை நடத்துபவர் வேலை. தனியாகக் கூப்பிட்டு, இது கதையில் இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “இருக்கட்டும். பதில் நான் சொல்லிக்கிறேன்” என்றான். அடுத்த சனிக்கிழமை எதிரிப் படை ஏரியின் கீழ்ப்பக்கம் வந்து இறங்கியது. ராஜா கரைமேல் ஏறிவந்து பக்கத்தில் நின்று கேட்கும்வரை அவன் மதகைத் திறக்கவில்லை. ராஜாவுக்கு வர வேண்டியதாயிற்று.

ராஜா வேஷம் எடுத்தது யார் என்று சொல்லவில்லையே. முதலில் அதை வகுப்புத் தோழி ஒருத்திதான் கேட்டாள். “பொம்பளை ராஜாவா?” என்று ஒரு குரல். கூத்தில் பரம்பரையாக ஆண்கள்தான் பெண் வேஷமும் கட்டினார்கள். அதை யாரும் விசித்திரம் என்று சொல்லவில்லை. பி. ராஜகோபாலும் ஹன்னா டி ப்ரூயினும் காஞ்சிபுரத்தை அடுத்து 2002 முதல் 2020 வரை நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கட்டை வேஷம் கட்டி ஆடியிருக்கிறார்கள். வேஷத்தைக் கேள்வி கேட்கலாம், வேஷம் கேட்கும் ஆளின் பிறப்பைக் கேள்வி கேட்கக் கூடாது என்று எழுதி டப்பா மூடியில் ஒட்டினேன். அதனால் இப்போது எங்கள் நாட்டுக்கு இரண்டு ராஜா! அண்ணன் தங்கை. சிம்மாசனம் ஒன்றுதான்.

மறுக்க வேண்டிய வேஷமும் உண்டு. கூட்டாளிகளை முதுகில் குத்துவதற்கென்றே வருகிறவன், யாரோடும் சேராமல் தனியாகத் திரிகிறவன், இவர்களிடம் மூன்று கேள்விக்கும் பதில் இருக்காது. திரைக்குப் பின்னாலேயே நிற்கட்டும், வேறு வேஷம் யோசித்துக்கொண்டு வரட்டும்.

இதை எழுதும்போது எங்கள் பேய் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறது. வெயில் இருக்கும்வரை வரக்கூடாது என்றால், சூரிய கிரகணத்தன்று வரலாமா? நியாயமான கேள்வி. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.