கிளினிக் புத்தகத்தில் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன?

கிளினிக்கில் விரல் நுனியில் குத்திப் பார்த்து, உங்கள் புத்தகத்தில் ஓர் எண்ணை எழுதித் தருகிறார்கள். வானொலியில், மலேசியரில் ஐவரில் ஒருவருக்கு இனிப்புநீர் என்று செய்தி வருகிறது. பேரப்பிள்ளை காட்டும் வாட்ஸ்அப்பில், இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்கிறார்கள். முதல் கணக்கு உங்களைப் பற்றியது. இரண்டாவது நாட்டைப் பற்றியது. மூன்றாவது, கணக்குப் போலத் தோன்றும் ஒரு தவறு. இம்மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் சும்மா பயப்பட மாட்டார், சும்மா தைரியமாகவும் இருக்க மாட்டார். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. கூட்டலும் வகுத்தலும் போதும்.

எல்லாரையும் கேட்காமல் எப்படிச் சொல்கிறார்கள்?

ரெம்பியா, அலோர் காஜா பக்கம் பால்மரம் வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல. எடுத்த பாலை வாளியில் சுமந்துகொண்டு நிறுக்கும் இடத்துக்குப் போவீர்கள். எடையை மட்டும் பார்த்துக் காசு கொடுத்தால், தண்ணீர் கலந்த பாலுக்கும் அதே காசு போய்விடும். அதனால் பாலில் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். அல்லது கொஞ்சம் பாலை எடுத்து, உறையவைத்து, உலர்த்தி, அதில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று நிறுப்பார்கள். முழு வாளியையும் யாரும் உறையவைத்துப் பார்ப்பதில்லை. கொஞ்சம் போதும். ஆனால் எடுப்பதற்கு முன் நன்றாகக் கலக்க வேண்டும். கலக்காமல் மேலாக மொண்டால் ஒரு கணக்கு வரும், அடியில் மொண்டால் வேறு கணக்கு வரும்.

அந்தக் கொஞ்சம் பாலுக்குப் புள்ளிவிவரத்தில் ‘மாதிரி’ என்று பெயர். மாதிரி என்றதும் ‘அவரைப் போல’ என்ற பொருள்தான் பலருக்கு முதலில் தோன்றும். இங்கே ‘சாம்பிள்’ என்று சொல்வோமே, அந்தப் பொருளில் படியுங்கள்.

சுகாதார அமைச்சு சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நாடு முழுவதும் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வை நடத்துகிறது. 2019ஆம் ஆண்டு ஆய்வில் 18 வயதைத் தாண்டிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தப் பரிசோதனை செய்தார்கள். நாட்டைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, சீட்டுக் குலுக்குவது போல வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். வாளியைக் கலக்குவது என்பது இதுதான். மாறாக, கிளினிக் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் கேட்டிருந்தால், நாட்டில் பாதிப் பேருக்கு நோய் என்று கணக்கு வந்திருக்கும். உடம்பு சரியில்லாதவர்தானே கிளினிக்குக்கு வருகிறார்!

அந்த ஆய்வில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. மலாய்ச் செய்தியில் ‘பெராத்துஸ்’ என்பார்களே, அதுதான் விழுக்காடு. நூற்றுக்கு எத்தனை பேர் என்று பொருள். நூறு பேரில் 18.3 பேர் எப்படி இருக்க முடியும் என்று கேட்பீர்கள். ஆயிரம் பேரில் 183 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 18.3 ஒரே எண்ணாகத் தெரிந்தாலும் இரண்டு கூட்டத்தாரைச் சேர்த்துப் போட்ட கணக்கு. தங்களுக்கு நோய் இருப்பது முன்பே தெரிந்தவர்கள் 9.4 விழுக்காடு. அன்றைக்குப் பரிசோதித்த பிறகுதான் தெரிந்துகொண்டவர்கள் 8.9 விழுக்காடு. அதாவது நோயுள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், ஒன்றும் இல்லை என்று நினைத்துத் தேத்தாரே குடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஆய்வில் நம் வீட்டுக்கு மிகவும் வேண்டிய எண் அந்த 8.9தான் என்பேன்.

இன்னொன்றையும் பாருங்கள். நாடு முழுவதற்கும் 18.3 என்றாலும், இந்தியர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது 31.4 விழுக்காடு வந்தது. ஏறக்குறைய மூவரில் ஒருவர். எல்லாரையும் சேர்த்துப் போடும் கணக்கு, ஒரு பகுதியினரின் நிலையை இப்படி மறைத்துவிடும். அதற்காக, வீட்டில் மூன்று பேர் இருந்தால் ஒருவருக்குக் கட்டாயம் நோய் இருக்கும் என்று பொருளில்லை. மூவருக்கும் இருக்கலாம், யாருக்கும் இல்லாமலும் போகலாம். நாட்டின் எண்ணை வைத்து உங்கள் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. உங்கள் விரலில் குத்திப் பார்த்தால்தான் தெரியும்.

2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் கணக்கு 15.6 விழுக்காடு. குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதற்கு முன் ஒன்றை நினைவில் வையுங்கள். இரண்டு தடவையும் வெவ்வேறு மாதிரி எடுத்திருக்கிறார்கள். ஒரே வாளியில் இரண்டு முறை மொண்டாலும் கணக்கில் கொஞ்சம் முன்பின் இருக்கும். அதனால்தான் இத்தகைய ஆய்வறிக்கைகளில் ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ‘இதற்கும் இதற்கும் இடையில் இருக்கலாம்’ என்று இரண்டு எண்களைப் போடுகிறார்கள். செய்தி வாசிப்பவர் அதை விட்டுவிடுகிறார்.

சராசரி ஒன்றுதான், ஆள் வேறு

எல்லாவற்றையும் கூட்டி, எத்தனையோ அத்தனையால் வகுத்தால் வருவது சராசரி. மலாயில் ‘புராத்தா’. சாப்பாட்டுக் கடையில் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களின் மாத வருமானம் 800, 900, 1,000, 1,100, 1,200 வெள்ளி. சராசரி 1,000. மாதம் 61,000 வெள்ளி சம்பாதிக்கும் ஒரு டத்தோ வந்து ஆறாவது நாற்காலியில் உட்காருகிறார். இப்போது சராசரி 11,000 வெள்ளி. மற்ற ஐவரின் பையிலும் ஒரு காசு கூடவில்லை. இப்படிப்பட்ட இடத்தில், எல்லாரையும் வருமானப்படி வரிசையாக நிற்கவைத்து நடுவில் நிற்பவரைப் பார்ப்பது நல்லது. அதற்கு ‘இடைநிலை’ என்று பெயர். டத்தோ வந்த பிறகும் இடைநிலை 1,050 வெள்ளிதான்.

இனி உங்கள் புத்தகத்துக்கு வருவோம். இரண்டு பேர் ஐந்து நாட்கள் காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்ததாக வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு 7, 7, 8, 7, 6. இரண்டாமவருக்கு 3.5, 11, 4, 12, 4.5. கூட்டிப் பாருங்கள். இரண்டும் 35. சராசரி இருவருக்கும் 7தான். ஆனால் முதலாமவர் நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டாமவருக்குச் சர்க்கரை ஒரு நாள் மேலே ஏறுகிறது, ஒரு நாள் 4க்கும் கீழே இறங்குகிறது. அப்படி இறங்கும்போது வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும். வயதானவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதும் உண்டு. சராசரியை மட்டும் பார்த்தால் இந்த ஆபத்து கண்ணில் படாது. எண்கள் எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் ‘எச்பிஏ1சி’ பரிசோதனையும் ஒரு சராசரிதான். இரத்தத்தில் உள்ள சிவப்பணு ஏறக்குறைய 120 நாட்கள் வாழும். அந்த நாட்களில் அதில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையை அளந்து, கடந்த இரண்டு மூன்று மாதங்கள் எப்படி இருந்தன என்று சொல்கிறார்கள். அதனால் பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாட்கள் மட்டும் சோற்றைக் குறைத்துவிட்டு வருவதில் பயனில்லை. அதே சமயம் இது சராசரி என்பதால், இடையில் நடந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டாது. வீட்டில் கருவி இருந்தால் நீங்கள் எழுதிவைக்கும் தினசரி எண்கள் அதற்குத்தான் தேவை.

இரத்த அழுத்தத்திலும் இதே கதைதான். படியேறி வந்த உடனே பார்த்தால் ஒன்று, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பார்த்தால் வேறொன்று. ஒரு நாள் எண் வழக்கத்தைவிட மிக உயர்ந்திருந்தால், அடுத்த முறை அது பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் இறங்கும். நடுவில் ஒருவர் பூனைமீசை இலையைக் காய்ச்சிக் குடித்திருந்தால், இலைதான் இறக்கியது என்பார். குடிக்காமலே இருந்திருந்தாலும் இறங்கியிருக்கும். இலையின் மேல் குற்றமில்லை. ஓர் எண்ணை வைத்து முடிவு கட்டியதில்தான் பிழை. அந்த நம்பிக்கையில் மாத்திரையை நிறுத்திவிட்டால்தான் ஆபத்து.

மாத்திரையும் கிட்னியும்

இனிப்புநீர் மாத்திரையை நிறுத்துபவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம், மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்பதுதான். இந்தப் பேச்சு எல்லா இனத்தாரிடமும் இருக்கிறது. சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். “டயாலிசிஸ் மையத்துக்குப் போய்ப் பாருங்கள், படுத்திருப்பவர்களில் பாதிப் பேர் வருடக்கணக்காக மாத்திரை சாப்பிட்டவர்கள்.” கண்ணால் கண்டதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இனிப்புநீர்தான் காரணம் என்பதும் உண்மை. கண்டது சரி, கட்டிய முடிவுதான் தவறு.

பொம்பா வண்டி நிற்கும் இடத்தில் வீடு எரிந்து கிடக்கும். அதற்காக வீட்டை எரித்தது பொம்பாக்காரர்கள் என்று சொல்வோமா? தீதான் வீட்டையும் எரித்தது, பொம்பாவையும் வரவழைத்தது. அதுபோல, பல ஆண்டுகள் உயர்ந்து நின்ற சர்க்கரைதான் சிறுநீரகத்தையும் கெடுத்தது, மாத்திரையையும் தேவைப்பட வைத்தது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்பட்டால், ஒன்று மற்றதை உண்டாக்கியது என்று உடனே சொல்லிவிடக் கூடாது. இரண்டுக்கும் பின்னால் மூன்றாவது ஒன்று இருக்கலாம்.

அடுத்து, டயாலிசிஸ் மையம் என்பது கலக்காத வாளி. ஒழுங்காக மாத்திரை எடுத்து நன்றாக இருப்பவரை நீங்கள் அங்கே பார்க்க முடியாது. அவர் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருப்பார், கோயிலில் இருப்பார். அவரைப் பார்த்து, இவர் மாத்திரையால்தான் நன்றாக இருக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை.

சரியாக ஒப்பிட வேண்டுமானால், ஒரே மாதிரி நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பல ஆண்டுகள் பார்க்க வேண்டும். பிரிட்டனில் அப்படிச் செய்தார்கள். முடிவு 1998இல் வெளிவந்தது. புதிதாக இனிப்புநீர் கண்டறியப்பட்ட 3,867 பேர். ஒரு கூட்டத்துக்கு மாத்திரை அல்லது இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினார்கள். மற்றக் கூட்டத்துக்கு முதலில் உணவுக் கட்டுப்பாடு மட்டும். ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் கவனித்தார்கள். கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்ணிய இரத்தக் குழாய்ப் பாதிப்பு, இறுக்கமாகக் கட்டுப்படுத்திய கூட்டத்தில் 25 விழுக்காடு குறைவாக இருந்தது. அதில் பெரும்பகுதி கண்ணில் கிடைத்த நன்மை.

இங்கே நின்று, எதில் 25 விழுக்காடு என்று கேட்கப் பழகுங்கள். உணவுக் கட்டுப்பாட்டுக் கூட்டத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 11.4 பேருக்குப் பாதிப்பு வந்தது. மற்றக் கூட்டத்தில் 8.6 பேர். வித்தியாசம் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஏறக்குறைய மூன்று பேர். 25 விழுக்காடு என்றால் பெரிதாகக் கேட்கிறது, மூன்று பேர் என்றால் சிறிதாகக் கேட்கிறது. இரண்டும் ஒரே கணக்குதான். பத்து ஆண்டுகளில் அந்த ஆயிரம் பேரில் முப்பது பேருக்குக் கொஞ்சம் குறைவு. மருந்து விற்பவர் பெரிய எண்ணைச் சொல்வார், மருந்தைப் பழிப்பவர் சிறிய எண்ணைச் சொல்வார். நீங்கள் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். அதே ஆய்வில், இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்குவது அதிகமாக இருந்ததையும் எழுதிவைத்திருக்கிறார்கள். அதனால்தான் வயதானவர்களுக்கு மருத்துவர் சில சமயம் கொஞ்சம் தளர்வான இலக்கை வைக்கிறார்.

சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாகிவிட்டால் மெட்ஃபோர்மின் போன்ற மாத்திரையின் அளவைக் குறைப்பார்கள், சில சமயம் நிறுத்துவார்கள். வதந்திக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். குறைப்பதா வேண்டாமா என்று தெரிந்துகொள்ளத்தான் உங்கள் இரத்தத்தையும் சிறுநீரையும் கேட்டு வாங்குகிறார்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்கு வரும்போது புத்தகத்தோடு மீதமிருக்கும் மாத்திரைகளையும், வீட்டில் குடிக்கும் வேர், இலைகளின் பெயரையும் எழுதி எடுத்து வாருங்கள். மாத்திரை பிடிக்கவில்லை, நடுவில் விட்டுவிட்டேன் என்றால் அதைச் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, ஆனாலும் சொல்லுங்கள். சாப்பிடாத மாத்திரையைச் சாப்பிட்டதாகச் சொன்னால், இந்த அளவு போதவில்லை என்று நினைத்து மருத்துவர் இன்னும் கூட்டிக் கொடுப்பார். பிறகு ஒரு நாள் வீட்டில் உள்ளவர்கள் அதை ஒழுங்காக எடுத்துக் கொடுத்தால், சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று அந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.