வரைபடம் வரைவோம், வரவைப் பெருக்குவோம்

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆனால், கணக்குப் பார்க்காமல் விட்டுவிட்டால் மட்டும் மிஞ்சிவிடுகிறதா? இல்லை. எங்கே மிஞ்சாமல் போயிற்று என்பதுதான் தெரியாமல் போகிறது. ஆகவே உழவர் பெருமக்கள் கணக்குப் பார்ப்பதோடு, பார்த்த கணக்கைக் கண்ணுக்குத் தெரியும்படி வரைந்துகொள்ளவும் பழக வேண்டும்.

நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் எழுதிய எண்கள் எண்களாகவே இருந்துவிடும். அவற்றையே படமாக வரைந்தால் ஏற்றம் எது, இறக்கம் எது, எந்தச் செலவு மிகுதி என்பன ஒரே பார்வையில் விளங்கும். இதற்கு மேற்படிப்பு தேவையில்லை. தங்கள் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் கணக்குப் பாடமே போதும். வேண்டிய கருவிகளும் பிள்ளைகளின் பையிலேயே உள்ளன: வரைபடத்தாள், அளவுகோல், கவராயம், பாகைமானி, பென்சில்.

இம்முறை புதிதன்று. ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் என்பவர் 1786ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் கோட்டுப் படங்களையும் பட்டைப் படத்தையும் பயன்படுத்தினார். 1801ஆம் ஆண்டு வட்டப் படத்தையும் வரைந்து காட்டினார். பின்னர் வேளாண்மையின் துயரங்களைப் பற்றி எழுதியபோது, கோதுமை விலையையும் தொழிலாளியின் வாரக் கூலியையும் ஒரே படத்தில் வைத்துக் காட்டியவரும் அவரே.

பட்டைப் படம்

மாதவாரியாக மழையளவு, வயல்வாரியாக விளைச்சல் எனத் தனித்தனி இனங்களை ஒப்பிடுவதற்குப் பட்டைப் படம் ஏற்றது. ஒரு தோட்டத்தில் ஓர் ஆண்டில் மழைமானியில் அளந்த மழை கீழ்க்கண்டவாறு இருந்ததாகக் கொள்வோம்.

ஜூன் 30, ஜூலை 45, ஆகஸ்டு 60, செப்டம்பர் 85, அக்டோபர் 160, நவம்பர் 140, டிசம்பர் 50 மில்லிமீட்டர்.

வரையும் முறை வருமாறு:

1. தாளின் அடியில் படுக்கையாக ஒரு கோடு வரையவும். இது கிடை அச்சு. இதில் மாதங்களைச் சம இடைவெளியில் குறிக்கவும்.

2. இடப்பக்கம் நிமிர்ந்த கோடு ஒன்று வரையவும். இது குத்தச்சு. இதில் மழையளவைக் குறிக்க வேண்டும். அடியில் சுழியம் இருக்க வேண்டும்.

3. மிகப் பெரிய எண்ணைப் பார்த்து அளவுத்திட்டம் தீர்மானிக்கவும். இங்கு மிகப் பெரியது 160. ஆகவே 1 செ.மீ. உயரத்துக்கு 20 மி.மீ. மழை எனக் கொண்டால் தாளில் அடங்கும்.

4. ஒவ்வொரு மாத மழையையும் 20ஆல் வகுத்து வரும் உயரத்துக்குப் பட்டை வரையவும். ஜூன் 1.5 செ.மீ., ஜூலை 2.25, ஆகஸ்டு 3, செப்டம்பர் 4.25, அக்டோபர் 8, நவம்பர் 7, டிசம்பர் 2.5 செ.மீ. வரும். எல்லாப் பட்டைகளும் ஒரே அகலமாக இருக்க வேண்டும்.

படத்தின் மேல் தலைப்பும், ஓரத்தில் அளவுத்திட்டமும் எழுத மறக்கலாகாது. 1 மி.மீ. மழை ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீருக்குச் சமம். அக்டோபர் பட்டையின் உயரத்தைக் காணும்போது, வரப்பை எப்போது உயர்த்த வேண்டும், பண்ணைக்குட்டையை எந்த மாதத்துக்குள் தூர்வாரி முடிக்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

பட்டை எங்கே தொடங்குகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உழவர் கூட்டத்துக்குச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்ததும் உழவர் ஒருவர் ஒரு துண்டு விளம்பரத்தைக் காட்டினார். நெல்லுக்குத் தெளிக்கும் ஊக்கி மருந்து ஒன்றின் விளம்பரம் அது. இரண்டு பட்டைகள் வரையப்பட்டிருந்தன. மருந்து தெளித்த வயலின் பட்டை, தெளிக்காத வயலின் பட்டையைப் போல் இரண்டரை மடங்கு உயரமாக நின்றது. அவர் இரண்டு ஏக்கருக்கும் மருந்து வாங்கிவிட்டார். நானும் அவசரத்தில் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "நல்ல வித்தியாசம் தெரிகிறதே" என்று சொல்லிவிட்டேன்.

அருகில் நின்ற அவருடைய மகள் எட்டாம் வகுப்பு மாணவி. "சார், கோடு 2,100லிருந்து ஆரம்பிக்கிறதே!" என்றாள். மீண்டும் பார்த்தேன். அவள் சொன்னது சரி. தெளிக்காத வயலில் 2,200 கிலோ, தெளித்த வயலில் 2,350 கிலோ. குத்தச்சு சுழியத்தில் தொடங்காமல் 2,100இல் தொடங்கியதால், ஒரு பட்டை 100 அளவும் மற்றது 250 அளவும் உயர்ந்திருந்தன. உண்மையான வேறுபாடு 150 கிலோ, அதாவது 7 சதத்துக்கும் குறைவு.

அங்கேயே உட்கார்ந்து கணக்கிட்டோம். நெல் கிலோ 23 ரூபாய் எனக் கொண்டால் 150 கிலோவுக்கு 3,450 ரூபாய். மருந்து இரண்டு முறைக்கு 3,200 ரூபாய், தெளிப்புக் கூலி 800 ரூபாய், ஆக 4,000 ரூபாய். விளம்பரம் சொன்ன விளைச்சல் முழுவதும் கிடைத்தாலும் ஏக்கருக்கு 550 ரூபாய் நட்டம். அந்த உழவர் ஒன்றும் பேசவில்லை. விளம்பரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். படித்தவன் என்ற முறையில் நான்தான் வெட்கப்பட வேண்டியவனாக இருந்தேன்.

எனவே எந்தப் பட்டைப் படத்தைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பட்டை சுழியத்திலிருந்து தொடங்குகிறதா? அச்சில் உள்ள எண் கிலோவா, மூட்டையா, ஏக்கருக்கா, ஹெக்டேருக்கா? ஒரே வயலில் ஒரே பருவம் பார்த்ததா, பல இடங்களில் பல பருவங்களில் பார்த்ததா? மண் வளத்தின் ஏற்றத்தாழ்வினால் மட்டுமே இரண்டு வயல்களுக்கிடையே 150 கிலோ வேறுபடக் கூடும். அதனால்தான் ஆராய்ச்சி நிலையங்களில் ஒரே முறையைப் பல பாத்திகளில் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறார்கள். கோயம்புத்தூரில் 1909ஆம் ஆண்டு தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை இவ்விதமான நீண்ட காலப் பொறுமைக்குத் தக்க சான்று.

சராசரியை நம்பலாமா?

ஒரு மானாவாரி நிலத்தில் ஐந்து ஆண்டுகளின் அக்டோபர் மழை 60, 310, 90, 280, 110 மி.மீ. எனக் கொள்வோம். கூட்டினால் 850. ஐந்தால் வகுத்தால் சராசரி 170 மி.மீ. "170 மி.மீ. மழை வருமே" என்று நம்பி விதைத்தால் என்ன ஆகும்?

ஐந்து பட்டைகளையும் வரைந்து, 170க்கு நேராக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். எந்தப் பட்டையும் அந்தக் கோட்டின் அருகில்கூட இல்லை. இரண்டு பட்டைகள் மிக உயர்ந்தும், மூன்று பட்டைகள் மிகத் தாழ்ந்தும் நிற்கும். எண்களை ஏறுவரிசையில் எழுதினால் 60, 90, 110, 280, 310. நடுவில் நிற்பது 110. இதைப் பள்ளியில் இடைநிலை அளவு என்பர். ஐந்தில் மூன்று ஆண்டுகள் 110 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு என்பதே இந்நிலத்தின் உண்மை நிலை. இங்கு வறட்சி தாங்கும் பயிரையும் குறைந்த வயதுடைய இரகத்தையும் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. சராசரி மறைத்ததைப் படம் காட்டிக்கொடுக்கிறது.

கோட்டுப் படம்

நாளுக்கு நாள், வாரத்துக்கு வாரம் மாறிவரும் ஒன்றைக் காட்டக் கோட்டுப் படம் சிறந்தது. சந்தை விலை, கிணற்று நீர்மட்டம், பூச்சித் தாக்குதல் ஆகியவற்றை இதில் காட்டலாம்.

நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவை எடுத்துக்கொள்வோம். வயலில் பரவலாகப் பத்துக் குத்துகளைப் பார்த்து, மொத்த இலைகளையும் தாக்கப்பட்ட இலைகளையும் எண்ண வேண்டும். 400 இலைகளில் 16 தாக்கப்பட்டிருந்தால் சேதம் 4 சதம். பயிரின் வளர்ச்சிப் பருவத்தில் இலைச் சேதம் 10 சதத்தை எட்டும்போதும், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலைச் சேதம் 5 சதத்தை எட்டும்போதும்தான் மருந்து தெளிப்பது பயனளிக்கும். இதையே பொருளாதாரச் சேதநிலை என்கிறோம்.

கிடை அச்சில் நடவுக்குப் பிந்திய வாரங்களையும், குத்தச்சில் சேதச் சதத்தையும் குறிக்கவும். 10 சதத்துக்கு நேராகச் சிவப்புக் கோடு ஒன்று இழுக்கவும். வாரந்தோறும் எண்ணியதைப் புள்ளியாக வைத்து, புள்ளிகளை இணைக்கவும். ஒரு வயலில் இரண்டாம் வாரம் 2, மூன்றாம் வாரம் 4, நான்காம் வாரம் 7, ஐந்தாம் வாரம் 6, ஆறாம் வாரம் 3 சதம் எனக் கண்டால், கோடு ஏறிப் பின் இறங்குகிறது. சிவப்புக் கோட்டைத் தொடவேயில்லை. சிலந்திகளும் ஒட்டுண்ணிக் குளவிகளும் தம் வேலையைச் செய்திருக்கின்றன. பயிரும் புது இலை விட்டிருக்கிறது. நான்காம் வாரத்தில் பயந்து மருந்து அடித்திருந்தால் பணமும் போயிருக்கும், நன்மை செய்யும் பூச்சிகளும் மடிந்திருக்கும்.

கோடு செங்குத்தாக ஏறும்போது ஒரு வாரம் காத்திருக்கலாகாது. மூன்று நாளுக்கு ஒருமுறை எண்ணிப் பார்க்கவும். சிவப்புக் கோட்டை எட்டினால் தாமதமின்றிப் பரிந்துரைக்கப்பட்ட மருந்தைத் தெளிக்கவும்.

உரமும் வளைகோடும்

உரம் கூடினால் விளைச்சலும் கூடிக்கொண்டே போகும் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதம் தழைச்சத்து உள்ளது. அதாவது மூட்டைக்கு ஏறத்தாழ 20 கிலோ. எடுத்துக்காட்டாக, ஓர் ஏக்கர் நெல்லில் யூரியா இடாதபோது 1,400 கிலோவும், ஒரு மூட்டைக்கு 1,850, இரண்டுக்கு 2,150, மூன்றுக்கு 2,280, நான்குக்கு 2,290 கிலோவும் விளைந்ததாகக் கொள்வோம்.

இதை வரைந்தால் கோடு முதலில் விரைந்து ஏறி, பின் சாய்ந்து, கடைசியில் ஏறத்தாழப் படுத்துவிடும். முதல் மூட்டை 450 கிலோவும், இரண்டாவது 300 கிலோவும், மூன்றாவது 130 கிலோவும் கூடுதலாகக் கொடுத்தன. நான்காவது கொடுத்தது 10 கிலோ மட்டுமே. அந்தப் பத்துக் கிலோ நெல்லின் விலை மூட்டையின் விலைக்கும் தூவும் கூலிக்கும் ஈடாகாது. மேலும், தழைச்சத்து மிகுந்தால் பயிர் சாயும். குலைநோயும் புகையானும் பெருகும். கோடு எங்கே படுக்கத் தொடங்குகிறதோ அங்கே கையை நிறுத்த வேண்டும். அந்த இடம் நிலத்துக்கு நிலம் மாறும். ஆதலால் மண் பரிசோதனை செய்து, அதன்படி இடுவதே முறை.

வட்டப் படம்

ஒரு முழுமை எவ்வெவ்வாறு பங்காகிறது என்பதைக் காட்ட வட்டப் படம் பயன்படும். தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 920 மி.மீ. இதில் வடகிழக்குப் பருவமழை ஏறத்தாழ 48 சதம், தென்மேற்குப் பருவமழை 35 சதம், கோடை மழை 14 சதம், குளிர்கால மழை 3 சதம்.

வட்டத்தின் மையத்தில் மொத்தம் 360 பாகை. ஆகவே 1 சதத்துக்கு 3.6 பாகை. வடகிழக்குக்கு 172.8, தென்மேற்குக்கு 126, கோடைக்கு 50.4, குளிர்காலத்துக்கு 10.8 பாகை வரும். கூட்டினால் 360 வர வேண்டும். வராவிடில் எங்கோ பிழை உள்ளது. கவராயத்தால் வட்டமிட்டு, பாகைமானியால் ஒவ்வொரு கோணத்தையும் அளந்து பிரிக்கவும். நம் மாநில மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் பெய்துவிடுகிறது என்பது கண்முன் நிற்கும். இது மாநிலம் முழுமைக்குமான பங்கு. மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் என்பதையும் நினைவிற் கொள்ளவும்.

பயிற்சி

ஓர் ஏக்கர் சாகுபடிச் செலவு 30,000 ரூபாய் எனக் கொள்க. இதில் உழவு 6,000, விதை, நாற்றங்கால், நடவு 7,500, உரம் 4,500, களையெடுப்பு, பயிர்ப் பாதுகாப்பு 4,500, அறுவடை 6,000, பிற செலவு 1,500 ரூபாய். இதற்கு வட்டப் படம் வரைக.

விடை: முறையே 72, 90, 54, 54, 72, 18 பாகை. சரியாக வந்ததும், இந்த எண்களை அடித்துவிட்டுத் தங்கள் சொந்தச் செலவை எழுதி மீண்டும் வரையுங்கள். எந்தத் துண்டு பெரிதோ அங்கேதான் சிக்கனத்துக்கு வழி தேட வேண்டும்.

உழவர் பெருமக்களே! இந்தப் பருவத்திலேயே ஒரு வரைபடத்தாள் வாங்கி, களஞ்சியச் சுவரில் ஒட்டுங்கள். மழை பெய்த நாளில் மழையையும், பூச்சி எண்ணிய நாளில் சேதத்தையும், விற்ற நாளில் விலையையும் அன்றன்றே குறியுங்கள். புள்ளி வைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். அவர்களுக்குக் கணக்குப் பாடம் மனத்தில் பதியும். தங்களுக்கு வயலின் போக்கு விளங்கும். அடுத்த முறை யாரேனும் வண்ணப் படம் காட்டி ஒன்றை விற்க வந்தால், பட்டை எங்கே தொடங்குகிறது என்று முதலில் கேளுங்கள்.