பாக்கு மட்டைத் தட்டு அழுத்தும் சூட்டு யந்திரம்

கமுகந்தோப்பில் உதிரும் மட்டையை முன்னெல்லாம் அடுப்பெரிக்கவும் மக்கிப்போகவும் விட்டுவந்த குடியானவர்கள், இப்பொழுது அதனைத் தட்டாகவும் கிண்ணமாகவும் அழுத்தி விற்று வருகின்றனர். சேலம், கோயமுத்தூர் ஜில்லாக்களில் களத்துக் கொட்டகைகளிலேயே இவ்வியந்திரங்களைக் காணலாம். வரும்படியைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஓட்டுகிறவர்களுடைய கைகளைப் பற்றியே எழுதவேண்டியிருக்கிறது.

ஊறவைத்துக் கழுவி நீர் வடித்த மட்டையை, மின்சாரத்தால் சூடேறிய மேலச்சுக்கும் கீழச்சுக்கும் நடுவே வைத்து அழுத்துகிறோம். ஈரம் ஆவியாகிப் போகும்வரை அச்சு மூடியே இருக்கவேண்டும். இல்லையேல் தட்டு மறுபடியும் நெளிந்துவிடும். மூடியிருக்கும் அந்த நேரத்திலேதான் அபாயம் அடங்கியிருக்கிறது. அடுப்பிலுள்ள சட்டியைத் தொட்டவன் உடனே கையை இழுத்துக்கொள்கிறான். இங்கே அகப்பட்ட கையை இழுக்கவொண்ணாது. 1947-ம் வருஷத்தில் அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர் வெளியிட்ட சோதனைகளின்படி, 60 டிகிரி சென்டிகிரேடு சூடு மேல்தோலின் முழுக் கனத்தையும் அழிக்கச் சுமார் 5 விநாடி போதும். 70 டிகிரிக்கு ஒரு விநாடியே அதிகம். நமது அச்சுகளின் சூடு அதற்கும் மேற்பட்டது.

கை அகப்பட்டவுடன் அருகிலிருப்பவர் ஓடிச்சென்று மெயின் சுவிச்சை அணைப்பது இயல்பு. ஆனால் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் யந்திரங்கள் பலவற்றில், மின்சாரம் நின்ற பின்பும் எண்ணெய் குழாயில் அடைபட்டு அச்சு மூடியபடியே நிற்கும். மோட்டார் நின்றுவிட்டபடியால் மேலே தூக்கவும் வழியில்லை. இரும்போ எளிதில் ஆறாது. ஆகையால் யந்திரம் வாங்குமுன், மட்டை ஒன்றை வைத்து அச்சை மூடி, நடுவில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, பிறகு எவ்வாறு திறக்கிறதென்று விற்பவரைக் கொண்டே காட்டச் செய்யவேண்டும். கையால் அழுத்தத்தை விடுவிக்கும் வழி இல்லாத யந்திரத்தை, விலை எவ்வளவு குறைந்ததாயினும், வாங்கலாகாது. திறக்கும் முறையைக் கொட்டகையிலுள்ள ஒவ்வொருவரும் ஒருமுறை செய்து பழகுதல் அவசியம்.

இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினாலன்றி இறங்காத யந்திரமே நல்லது. மிதிகட்டையால் இறங்குவதில் கைகள் இரண்டும் சும்மா இருக்கின்றன. மட்டை சற்றுக் கோணலாயிருந்தால் கடைசி நொடியில் நேராக்க ஆசைப்பட்டு விரல் உள்ளே போய்விடுகிறது. கோணலாக அழுந்தினால் நஷ்டம் ஒரு மட்டைதான். நான் பார்த்த ஒரு கொட்டகையில், வேகத்துக்காக ஒரு பொத்தானில் மூங்கிற்குச்சியைச் செருகியிருந்தார்கள். இரண்டு பொத்தான் வைத்த செலவு வீண்! மட்டையை வைக்கவும் எடுக்கவும் நீண்ட மரக்கிடுக்கி உபயோகிக்கலாம். ஒரு யந்திரத்தில் ஒருவரே வேலை செய்யவேண்டும்; ஒருவர் மட்டையை வைக்க மற்றொருவர் மிதிப்பது பெரும் ஆபத்து. குழந்தைகளைக் கொட்டகைக்குள் விடலாகாது.

நீர் சரியாக வடியாத மட்டையிலிருந்து ஆவி பக்கவாட்டில் பீறிட்டு வரும், முகத்தை விலக்கிக்கொள்க. ஈரமான வேலையாதலால் யந்திரத்துக்கு எர்த்துக் கம்பியும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் சுவிச்சும் இன்றியமையாதவை. அச்சைத் துடைக்கும்போது மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, மேலச்சு தன் பாரத்தால் இறங்காதபடி உறுதியான கட்டையை முட்டுக்கொடுக்கவேண்டும்.

காயம் பட்டுவிட்டால், வீங்குமுன் மோதிரம் வளையல்களைக் கழற்றி, சுட்ட இடத்தில் 20 நிமிஷம் குளிர்ந்த குழாய்நீர் ஓடவிடுக. ஐஸ், மை, மஞ்சள், நெய் எதுவும் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புக. வெளியே சிறிதாகத் தோன்றினாலும், நசுங்கிச் சுட்ட கையில் உள்ளே நரம்பும் தசைநாரும் கெட்டிருக்கக்கூடும். 108 என்ற ஆம்புலன்ஸ் எண்ணையும், கைக்காயங்களுக்குச் சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரியின் பெயரையும் கொட்டகைச் சுவரில் எழுதிவைக்கும்படி கிராம உத்தியோகஸ்தர்கள் சொல்லிச் செய்விக்கலாம்.