கல்யாணப் பத்திரிகை வடிவமைப்போம், வாங்க!



'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்பார்கள். அச்சுத் தொழில்நுட்பம் படிக்கும் நான் 'பத்திரிகையை அடித்துப் பார்' என்பதையும் சேர்த்துக் கொள்வேன். நீங்கள் சிவில், மெக்கானிக்கல் என்று எது படித்தாலும், "தம்பிக்குக் கம்ப்யூட்டர் தெரியுமாமே, நம்ம வீட்டுப் பத்திரிகையைப் புதுசா போட்டுக் குடேன்" என்று ஒரு மாமா கட்டாயம் வருவார். அந்த நாளுக்கு உதவட்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

சிவகாசியில் இருந்து வரும் ரெடிமேட் கார்டில் படம் முன்பே அச்சாகி இருக்கும். உள்ளூர் அச்சகம் மேட்டரை மட்டும் ஏற்றும். அதாவது, அங்கே இருக்கிற இடத்துக்குள் மேட்டர் அடங்கணும். நாமே வடிவமைப்பதில் மேட்டர்தான் முதல். அட்டை அதற்குப் பின்னால் வரும்.

1. மேட்டர்

தேதி, கிழமை, நேரம், இடம் நான்கையும் காலண்டரோடு ஒப்பிடுங்கள். அதிகாலை முகூர்த்தம் என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை. உதாரணமாக, 'ஞாயிறு விடிந்தால் திங்கள், காலை 4.30 - 6.00' என்று போட்டுவிட்டு, பக்கத்தில் 26.1.2025 என்று மட்டும் அச்சடித்தால் என்ன ஆகும்? தாலி கட்டுவது 27ஆம் தேதி. வெளியூர்க்காரர்கள் ஒரு நாள் முன்னாலேயே பஸ் ஏறிவிடுவார்கள்! முகூர்த்தத்துக்கு 27.1.2025 திங்கள் என்றும், முதல் நாள் வரவேற்புக்கு 26.1.2025 ஞாயிறு என்றும் தனித்தனியாகப் போடுங்கள்.

அடுத்தது பெயர்கள். விடுமுறையில் ஓர் அச்சகத்தில் மேட்டர் அடித்துக் கொண்டிருந்தேன். ஒரு அம்மா வந்தாங்க. வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், தையல் மிஷின் மிதித்தே மகளைப் படிக்க வைத்தவங்க. கூட வந்த பெரியப்பா கொடுத்த தாளில் அழைப்பவர் என்று அவர் பெயர் மட்டும் இருந்தது. "ஐயா, அம்மா பேரு எந்த இடத்துல வரணும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. பிறகு அந்தப் பெரியப்பாவே பேனாவை வாங்கி, தன் பெயருக்கு மேலே அந்தம்மா பெயரை எழுதினார். நாம் யாருக்கும் புத்தி சொல்ல வேண்டியதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாலே போதும்.

2. அளவு

மூடிய கார்டு 7 x 9.5 அங்குலம் என்று வையுங்கள். விரித்தால் 14 x 9.5. நான்கு பக்கமும் 3 மி.மீ. பிளீடு விட்டால் சுமார் 14.25 x 9.75. இது 20 x 30 தாளில் 4 விழும். 500 கார்டுக்கு 125 தாள். "இன்னும் அரை அங்குலம் பெருசா இருந்தா நல்லா இருக்கும்" என்று மாமா 7.5 x 10 கேட்டால்? அதே தாளில் 2தான் விழும். 250 தாள்! இரண்டிலும் கழிவுத் தாள் தனி. அரை அங்குலத்தில் காகிதச் செலவு இரட்டிப்பு. இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

3. எழுத்தும் நிறமும்

மேட்டரைக் கறுப்பு ஒன்றில் மட்டும் வையுங்கள். நான்கு நிறமும் கலந்த கறுப்பில் ரிஜிஸ்டர் இம்மி விலகினாலும் எழுத்து நிழலடிக்கும். தங்க ஃபாயில் போடும் பெயருக்குத் தடித்த, பெரிய எழுத்து வேண்டும். இல்லாவிட்டால் 'ண', 'ஞ' சுழிகள் அடைத்துக் கொள்ளும். யூனிகோடில் வந்த மேட்டரைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் 'ஸ்ரீ', 'கொ', 'கௌ' போன்றவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 4 அங்குல அகலப் படத்துக்கு 1200 பிக்சலாவது தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

4. மடிப்பும் மஞ்சளும்

கெட்டி அட்டையைக் கிரீஸிங் போடாமல் மடித்தால் மடிப்பில் மை வெடிக்கும். மடிப்பும் தாளின் கிரெயினும் ஒரே திசையில் இருக்கட்டும். நாம் மேலே போட்ட கணக்கில் மடிப்பு 20 அங்குலப் பக்கத்துக்கு இணையாக வரும்; கிரெயினும் அப்படியே ஓடுகிற தாளாகக் கேளுங்கள்.

பளபளப்புக்காக முழு லேமினேஷன் கேட்பார்கள். ஆனால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவணுமே! லேமினேஷன் மேல் அது ஒட்டாமல் வழியும். படத்துக்கு மட்டும் ஸ்பாட் யு.வி. போட்டு, மூலைகளை வெறும் தாளாக விடுங்கள். பாட்டி உங்களை வாழ்த்துவார்.

5. புரூஃப்

புரூஃபை இரண்டு வீட்டாரும் படித்துக் கையெழுத்துப் போடட்டும். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் மூலத் தாளைப் பார்க்கட்டும். பெயர்களை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகே பிளேட்.

நண்பர்களே, மற்ற வேலையில் தப்பு வந்தால் அடுத்த பதிப்பில் திருத்தலாம். கல்யாணத்துக்கு அடுத்த பதிப்பு கிடையாது! அளவுகோலும் காலண்டரும் கையில் எடுங்கள். மவுஸை அப்புறம் தொடலாம்.

வெற்றி பெற வாழ்த்துக்கள்!