கடலில் தோழன், மைதானத்தில் பகைவன்

கேள்வி: கடலில் சேர்ந்து வலை இழுக்கிற எங்கள் ஊர்ப் பொடியன்மார், உதைபந்தாட்டம் என்றால் அடிதடியில் முடிக்கிறார்கள். மனித இயல்பே இதுதானா? உள்ளே கிடக்கும் ஆத்திரம் இப்படி வெளியே போவது நல்லதுதானே?
– வாசகர், கற்பிட்டி

பதில்: உங்கள் கட்சியில் பெரிய ஆள் ஒருவர் இருக்கிறார். சண்டைக்குணம் நமக்குள் ஊறிக்கொண்டே இருக்கும், விளையாட்டு அதற்கு வடிகால் என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1963இல் எழுதினார். கேட்க அழகுதான். ஆனால் மானிடவியலாளர் ரிச்சர்ட் சைப்ஸ் 1973இல் 20 சமூகங்களை ஒப்பிட்டார். போர்க்குணமுள்ள 10இல் 9 சமூகங்கள் மோதல் விளையாட்டுகளை ஆடின. அமைதியான 10இல் இரண்டே இரண்டு. வடிகால் என்றால் கணக்கு தலைகீழாக அல்லவா வந்திருக்க வேண்டும்? ஆத்திரம் பழகப் பழக வளர்கிறது.

இயல்பில் பொறியே இல்லை என்று சொல்லவில்லை. 2006 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், தன் கடைசி ஆட்டத்தில், பிரான்ஸ் வீரர் சிடான் தலையால் இத்தாலி வீரர் மட்டெராசியை முட்டியதில் எந்த லாபமும் இல்லை. ஆனால் மைதான முரட்டுத்தனத்தில் பெரும்பகுதி கணக்குப் போட்டே நடக்கிறது. மத்தியஸ்தர் திரும்பிய பிறகுதான் கால் நீளும். அதே பொடியன் கடலில் அப்படிச் செய்யமாட்டான். இயந்திரம் நின்றால் பக்கத்துப் படகுதானே இழுத்துவர வேண்டும்!

முதலில், கோட்டோரம் நின்று “காலை உடை” என்று கத்தும் பெரியவர்களை வீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள்.