படம் எடுத்தாச்சு… அப்புறம்?

எங்க ஊர் ஆர்.எஸ்.மங்கலத்துல மிளகாய் போடுறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. விளைய வைக்கிறது பாதி வேலைதான். பழத்தைப் பறிச்சு, களத்துல காயவெச்சு, மூட்டை கட்டி, கமிஷன் கடையில இறக்கி, விலை சொல்ற வரைக்கும் காத்துக்கிடக்கிறது மீதிப் பாதி. சுயாதீன சினிமாவும் அப்படித்தான். ஹாஸ்டல் ரூம்ல ‘மச்சி, ஒரு படம் பண்ணலாம்டா’ன்னு பேசும்போது நாம முதல் பாதியை மட்டும்தான் பேசுறோம். இந்தக் கட்டுரை அந்த ரெண்டாவது பாதியைப் பத்தி.

முதல் வாசல்: சான்றிதழ்

உதாரணம் நம்ம கடற்கரையிலேயே இருக்கு. தனுஷ்கோடி மீனவர்களையும் இலங்கை அகதிகளையும் நடிக்க வைத்து லீனா மணிமேகலை எடுத்த படம் ‘செங்கடல்’. தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போராடித்தான் 2011-இல் அனுமதி கிடைத்தது.

அந்தத் தீர்ப்பாயமே இப்போ கிடையாது. 2021-இல் மத்திய அரசு அதைக் கலைத்துவிட்டது. வாரியத்தின் முடிவு பிடிக்கலைன்னா இனி உயர் நீதிமன்றம்தான். வக்கீல் செலவு, வாய்தா, மாதக்கணக்கான காத்திருப்பு, இது எதுவும் நம்ம பட்ஜெட் ஷீட்டில் இருக்காது.

இரண்டாவது வாசல்: தியேட்டர்

விநியோகஸ்தர்கள் தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் வர்றது ‘எம்.ஆர்.’, அதாவது மதுரை–ராமநாதபுரம். படத்தை விற்க மூணு வழி உண்டு. மொத்த விலைக்குக் கொடுக்கிறது அவுட்ரேட். குறைந்தபட்சத் தொகைக்கு உத்தரவாதம் வாங்கிட்டுக் கொடுக்கிறது எம்.ஜி. வசூலாகிறதுல கமிஷன் போக மீதியை வாங்குறது மூணாவது வழி. பெரிய ஹீரோ இல்லாத படத்துக்குப் பெரும்பாலும் மூணாவதுதான் கிடைக்கும். அதாவது நஷ்டம் மொத்தமும் உங்க தலையில.

டிக்கெட் காசும் நேரா உங்க கைக்கு வராது. முதல்ல வரி, அப்புறம் தியேட்டர் பங்கு, அடுத்து விநியோகஸ்தர் கமிஷன். இது போக, படத்தை டிஜிட்டலா திரையிடுறதுக்குக் கட்டுற வி.பி.எஃப். கட்டணம் தனி. 2018-இல் இந்தக் கட்டணத்தை எதிர்த்துத்தான் தமிழ்த் தயாரிப்பாளர்கள் மார்ச் முதல் புதுப்படம் எதையும் வெளியிடாமல் நிறுத்தினார்கள். அவங்களுக்கே அது பாரம்னா நமக்கு?

விருது வாங்கினா போதுமா?

பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வென்றது. அதே வருஷம் ஆஸ்கருக்கு இந்தியாவின் அதிகாரப்பூர்வப் படமாகவும் போனது. ஆனா நம்ம மக்கள் பார்க்க ஓ.டி.டி.க்கு வந்தது 2023 அக்டோபரில். அவ்வளவு பெரிய விருதுக்கும் ரெண்டு வருஷத்துக்கு மேல காத்திருப்பு!

அப்போ என்ன செய்யலாம்?

1. கையில் இருக்கிற பணத்தை முழுசா ஷூட்டிங்கில் கொட்டாதீங்க. மூணுல ஒரு பங்கையாவது சான்றிதழ், சப்டைட்டில், விழாக் கட்டணம், விளம்பரத்துக்குன்னு முதல்லயே ஒதுக்குங்க.

2. நண்பனே நடிச்சாலும், நண்பனே இசை போட்டாலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்க. உரிமை தெளிவா இல்லாத படத்தை எந்த ஓ.டி.டி.யும் தொடாது. சினிமாப் பாட்டை அனுமதி இல்லாம பின்னணியில் ஓட விடாதீங்க.

3. அவசரப்பட்டு யூடியூப்ல ஏத்தாதீங்க. ஏற்கெனவே பொதுவில் வந்த படத்தைப் பல விழாக்கள் எடுத்துக்கிறதில்லை. விழாச் சுற்று முடியட்டும்.

4. பார்வையாளரை முன்னாடியே தேடுங்க. ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் கேரளாவில் ‘ஒடேசா’ இயக்கம் தொடங்கி, ஊர் ஊராகப் படம் போட்டு, மக்களிடமே காசு திரட்டித்தான் ‘அம்மா அறியான்’ (1986) எடுத்தார்கள். கல்லூரித் திரைப்படக் கழகம், நூலகம், ஊர் மன்றம்னு நமக்கும் இடங்கள் இருக்கு.

படம் எடுக்காதீங்கன்னு சொல்ல வரலை. நம்மில் பலபேரோட கேமரா வாடகை, வீட்டுல மிளகாய் வித்த காசு, இல்ல அம்மா அடகு வெச்ச நகை. அந்தக் காசு ஹார்டு டிஸ்க்குள்ளேயே தூங்கிடக் கூடாது. அதனால கதையோட முதல் வரியை எழுதுற அன்னைக்கே இன்னொரு வரியும் எழுதிடுங்க: இந்தப் படத்தை யார், எங்கே பார்க்கப் போறாங்க?